எட்டுப் போட்ட ரயில்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புத்தூரில் தமிழ் வாத்தியார். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், எல்லைத் தகராறு தீரட்டும் என்பார். புத்தூரை ஆந்திராவிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்க வேண்டுமென்று மனு எழுதுவதும் கூட்டம் போடுவதுமாக அலைந்துகொண்டிருந்தார். அந்த அலைச்சலில் ஒருநாள் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பொம்மை ரயிலை வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின், இரண்டு பெட்டிகள், கோணிப்பை நிறையத் தண்டவாளத் துண்டுகள்.

வட்டமாகப் பூட்டினால் ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அது போதவில்லை. எட்டாக ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த எட்டு கோலத்து எட்டுதான். கூடத்தில் புள்ளி வைத்து, இரண்டு சுழியும் ஒரே அளவாக வரும்படி கோலமாவில் இழுத்தேன். மாமா அதன்மேல் துண்டுகளை அடுக்கினார். ஒரு பக்கம் ஒரு சாண் குறைந்தது. நேர்த்துண்டு ஒன்றைச் செருகிச் சரிக்கட்டினோம். நடுவில்தான் மாட்டிக்கொண்டோம். கோலத்தில் இழையின்மேல் இழை சும்மா ஏறிப் போய்விடும். தண்டவாளத்தின்மேல் தண்டவாளத்தை வைத்தால் எஞ்சின் ஒவ்வொரு முறையும் குப்புற விழுந்தது.

"இதுக்குன்னு குறுக்குத் துண்டு தனியா விக்கிறான் பாப்பா. எல்லை விவகாரம் முடியட்டும், பட்டணத்துலருந்து வாங்கியாறேன்" என்றார் மாமா.

அவ்வளவுதான், அன்றிலிருந்து எனக்கும் எல்லைக் கவலை பிடித்துக்கொண்டது. நாராயணவனம் பெருமாளிடம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லை சீக்கிரம் முடியணும் என்று வேண்டினேன். எப்படி முடிய வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை.

முடிந்தது. திருத்தணி மதராஸுக்கு, புத்தூர் ஆந்திராவிலேயே. செய்தி வந்த அன்று மாமா கால்கூடக் கழுவாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. நான் கைதட்டிக் குதித்தேன்.

"முடிஞ்சிபோச்சா மாமா? அப்போ எட்டுப் போட்டுறலாமா?"

அம்மா அறைய ஓடிவந்தாள். மாமா கையை நீட்டித் தடுத்தார். "உடு அக்கா, அதுக்கு இன்னா தெரியும்."

சொன்ன சொல் தவறவில்லை மனுஷன். பட்டணம் போய் அந்தத் துண்டை வாங்கி வந்தார். கூடவே, இனி இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று, திருத்தணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். கிளம்புகிற நாள் காலையில், டிரங்குப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு இருவரும் எட்டைப் பூட்டினோம். ரயில் தடக்கென்று நடுவைத் தாண்டி மறு சுழிக்குள் போனது. ஐயோ, அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மாமா திரும்பத் திரும்பச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"பெருமாள் நான் கேட்டதைக் குடுத்துட்டாரு மாமா" என்றேன்.

"உனக்காவது குடுத்தாரே."

"நீயும் கேட்டியா? இன்னா கேட்டே?"

"நம்ம ஊரைக் கேட்டேன் பாப்பா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊர்தான் வாசலிலேயே இருக்கிறதே, இதைப் போய் யாராவது சாமியிடம் கேட்பார்களா?