செம்மண்டலத்து நெம்முக்குக் குறை சொல்ல ஓர் ஆள்

கடலூர் செம்மண்டலத்தில் இருசம்மாள் தன் வீட்டு மாடியில் நெத்திலி ஜாடியைத் திறந்தால், மூன்று தெருப் பூனைகளும் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நிற்கும். முதுநகரிலிருந்து ஒரு பூனை பஸ் ஏறியே வந்தது என்றுகூட அந்தத் தெருவில் பேச்சு உண்டு. ஏறியதை யாரும் பார்க்கவில்லை. இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜாடிக்குள் இருப்பது நுக்மாம். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் மீன் சாறு. வியட்நாமில் அது இல்லாமல் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. இருசம்மாளின் அம்மா வியட்நாம்காரி. அப்பா அந்தோணிசாமி பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடிமகன் என்று பேப்பர் வாங்கிக்கொண்டு சைகோனுக்குப் போய், அங்கே ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்றவர். பேங்குக்கு எதிரே தெருவோரத்தில் ஒரு பெண் நெம் பொரித்துக்கொண்டிருந்தாள். மனுஷன் பேங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் வரிசையைக் காவல் காத்தார். பேங்கில் ஒன்றும் திருட்டுப் போகவில்லை. அவர்தான் போனார்.

நெம் என்றால் பாண்டிச்சேரிப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. அரிசி மாவில் செய்த மெல்லிய தாளுக்குள் எறாலும் கறியும் கண்ணாடிச் சேமியாவும் வைத்து, விரல் நீளத்துக்குச் சுருட்டி, எண்ணெயில் பொரிப்பது. கூடப் பச்சைக் கீரை, தொட்டுக்கொள்ள நுக்மாம். இருசம்மாள் பத்து வயது வரை அதைத் தின்று வளர்ந்தாள். 1957-இல் குடும்பம் கப்பலேறிக் கடலூர் வந்தது. வந்த வருஷமே தெருப்பிள்ளைகள் அவளுக்கு 'ஜப்பான்' என்று பேர் வைத்தார்கள். ஜப்பான் வேறு, வியட்நாம் வேறு என்று அவள் பூகோளப் புத்தகத்தைக் காட்டி விளக்கினாள். அதற்கப்புறம் 'ஜப்பான் டீச்சர்' என்றார்கள்.

படித்தாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. முப்பத்தாறு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலூரைத் திருச்சியோடும், திருச்சியைப் பம்பாயோடும் இணைத்துவிட்டாள். சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி, நிச்சயதார்த்தம் நின்ற செய்தி எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயின. அவளுக்கென்று ஒரு டிரங்க் கால் வந்ததில்லை. கல்யாணமும் கூடி வரவில்லை. அப்பா முதலில் போனார், 1988-இல் அம்மாவும் போனாள். 2005-இல் இருசம்மாள் ரிட்டயர் ஆனாள்.

அம்மா இருந்தவரை ஒரு வழக்கம் இருந்தது. மகள் பொரித்த நெம்மை ஒரு கடி கடிப்பாள், கண்ணை மூடுவாள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். இல்லை என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டாமல் விழுங்குவாள். அன்றைக்கு வீட்டில் பண்டிகை. அம்மா போன பிறகு இருசம்மாள் எதைப் பொரித்துக் கொடுத்தாலும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அதில் ஒருவர்கூட உண்மையான நெம்மைத் தின்றவர் இல்லை. அவளிடம் இருந்தது பத்து வயதுப் பிள்ளையின் நாக்கு ஞாபகம் ஒன்றுதான். அது சரியா, தன் கை சரியா என்று கேட்க, கடலூர் ஜில்லா முழுக்கச் சலித்தாலும் ஆள் கிடையாது; பாண்டிச்சேரிக் கடை நெம்மோ எப்போதோ நம் ஊர் வாய்க்கு மாறிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு கேள்வியோடுதான் அவள் எண்ணெயைக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

2010 ஆவணியில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. பேசியது சந்திரலேகா; எக்ஸ்சேஞ்சில் இருசம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகிய பெண், பிறகு மாற்றல் வாங்கிப் போனவள். அவள் புருஷன் பாலகுமார் கிள்ளைப் பக்கம் எறால் குட்டை வைத்திருந்தான். புது ரக எறால் வளர்க்கிற பயிற்சிக்குப் பத்து நாள் சைகோன் போகிறான்.

"அக்கா, இவுரு வடலூரத் தாண்டினாலே வழி கேக்கறவரு. உங்க ஊருக்குப் போறாரு. கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்புங்க."

உங்க ஊர். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு இருசம்மாள் ரிசீவரை வைக்க மறந்து நின்றாள்.

மறு ஞாயிறு பாலகுமார் செம்மண்டலம் வந்தான். நாற்பத்தாறு வயது, வெயிலில் கறுத்த உடம்பு. குட்டைத் தண்ணியை மோந்து பார்த்தே எறாலுக்கு நோய் வருமா வராதா என்று சொல்லிவிடுவான் என்று அவன் மூக்குக்கு ஊரில் பேர்.

"முதல்ல ரோட்டக் கடக்கணும் மாப்ளே. அதான் அங்க பரீட்சை," என்றாள் இருசம்மாள். "நிக்கக் கூடாது, ஓடக் கூடாது, பாதியில திரும்பக் கூடாது. கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி ஒரே சீரா நடங்க. வண்டிங்க உங்களச் சுத்திக்கினு போயிடும்."

"நீங்க பாத்ததாக்கா?"

"பின்ன?"

அவள் பார்த்தது சைக்கிளையும் ரிக்‌ஷாவையும். அதை அவள் சொல்லவில்லை.

"சாப்பாட்டுக்கு, ஒசரமா நாற்காலி போட்ட கடைக்குப் போவாதீங்க. பால்வாடில போடற மாதிரி குட்டி ஸ்டூல் போட்டிருப்பாங்க, அங்க குந்துங்க. முட்டி ரெண்டும் காது கிட்ட வந்தா சோறு நல்லாருக்கும். சூப்புக் கடைக்கு வெள்ளன போயிடணும். லேட்டா போனா அடி மண்டிதான். ஒரு கடைல ஒரு அயிட்டம்தான் போடுவான், எல்லாம் கிடைக்கும்னு போர்டு வெச்சிருந்தா தாண்டிப் போயிடுங்க. காச ரெண்டு கையால குடுங்க. சோத்துல குச்சிய நட்டு வெச்சிடாதீங்க, செத்தவங்களுக்கு ஊதுவத்தி கொளுத்தற மாதிரி ஆயிடும். பக்கத்துல குந்தியிருக்கறவன் எழுந்து போயிடுவான்."

பாலகுமார் பள்ளிப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

"வழி தவறிட்டா?"

"அங்க கத்தினான்னு ஒரு பெரிய தெரு, அது எங்கன்னு கேளுங்க. சின்னக் குழந்தகூட காட்டும்."

அந்தத் தெருவுக்கு அதற்குள் இரண்டு முறை பேர் மாற்றியாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. அவனுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால் அந்தக் குழந்தைக்கு எழுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

பிறகு அவள் தட்டில் நாலு நெம் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். "இதத் தின்னுட்டுப் போங்க. ருசிய மனசுல வெச்சுக்குங்க. அங்க தெருவோரமா ஒரு கடைல நெம் தின்னு பாருங்க. வந்து ரெண்டும் ஒண்ணான்னு எனக்குச் சொல்லணும். வேற எதுவும் வாங்கிட்டு வர வேணாம்."

"இவ்ளோதானாக்கா?"

"இவ்ளோதான். மனசு நோவுமேன்னு பாக்காதீங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லணும்."

அவன் நாலையும் தின்றான், தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் விமானம் ஏறி மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுத் தைலம்மாளுக்கு இருசம்மாள் ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுபோனாள். தைலம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "புரட்டாசி பொறந்தாச்சே ஜப்பானக்கா, மறந்துட்டீங்களா."

கிண்ணம் கையிலேயே ஆறிப்போனது. மாதா கோயிலுக்குப் போகிறவளுக்குப் புரட்டாசி எங்கே ஞாபகம் இருக்கும். பாலகுமார் வீட்டுக்குக் குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி. வருஷம் முழுக்க டன் கணக்கில் எறால் விற்பவன், புரட்டாசியில் ஒன்றைக்கூட நாக்கில் வைக்க மாட்டான். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு தூதன் கிடைத்தான், அவனைப் பார்த்து விரத மாதத்தில் அனுப்பியிருக்கிறாள்.

பயிற்சி முடிந்து அவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காலேஜ் பிள்ளைகள் கூட்டத்தில் இடிபட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் அன்றைக்குச் சனிக்கிழமை என்று உறைத்தது. கூடத்தில் பெருமாள் படத்துக்குத் துளசி மாலை. பாலகுமார் நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பத்து நாளும் புளிசாதப் பொடியிலயே ஓட்டிட்டாராம்கா," என்றாள் சந்திரலேகா பெருமையாக. "ஓட்டல் ரூம்ல ஒரு குக்கரு, கூட ஊறுகா. அவ்ளோதான்."

"ஒண்ணும் தொடலக்கா," என்றான் பாலகுமார், நாமத்தைத் தாண்டி நிமிர்ந்து பார்க்காமல். "ரோட்டக் கடக்கறதுக்கு மட்டும் நீங்க சொன்னது அப்படியே பலிச்சுது."

சந்திரலேகா காபி போட உள்ளே போனாள். இருசம்மாள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு, பொய் சொல்கிறவன் குரல் எங்கே மெலியும் என்று தெரியும்.

"பரவால்ல வுடுங்க மாப்ளே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பக்கத்துல தின்னவங்களப் பாத்திருப்பீங்களே. அந்தக் கீரைய நெம்முக்குள்ள வெச்சு சுருட்டறாங்களா, வெளிய வெச்சா?"

"வெளியதாங்கா. சூடா கையில எடுத்து, கீரைல இப்டி சுத்தி, அந்தத் தண்ணில முக்கி..." என்றவனின் வலது கை சுற்றி, முக்கி, வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

இருசம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

"எறால்னு நெனச்சுதாங்கா தின்னேன்," என்றான் அவன், சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "நாலு நாள் தாங்கினேன். அஞ்சாம் நாள் அந்த வாசன... எறாலுதானே, நம்ம சரக்குதானேன்னு மனசச் சமாதானம் பண்ணிக்கினு குந்திட்டேன். ஆறு தின்ன பெறவு கூட வந்தவன் சொல்றான், உள்ள பன்னிக் கறியும் இருக்குன்னு. எங்க சாமி யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

வராக சுவாமியைக் கும்பிடுகிற குடும்பம். இருசம்மாளுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்குச் செம்மண்டலத்தில் அவனுக்குக் கொடுத்த நாலிலும் எறால் மட்டும்தான் என்று சத்தியம் செய்தாள். அது நிஜம்.

"ஸ்ரீமுஷ்ணம் போயி மொட்ட போட்டுக்கலாம்னு இருக்கேன். சந்திராவுக்கு மட்டும்..."

"ஊரு பேச்சையெல்லாம் முப்பத்தாறு வருஷம் காதுல வாங்கினவ நான். ஒண்ணாவது வெளிய வந்திருக்கா? அத வுடுங்க. சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா?"

அவன் மோட்டுவளையைப் பார்த்தான். குட்டைத் தண்ணியை மோந்து பார்க்கிறவன் மாதிரி மூக்கு ஒருமுறை விரிந்தது.

"இல்லக்கா."

இருசம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "சொல்லுங்க."

"உங்களுது அப்பளம் மாதிரி கனமா இருக்கு. அங்க கடிச்சா சருகு நொறுங்கற மாதிரி நொறுங்குது. தொட்டுக்கற தண்ணியும் அப்படித்தான், உங்களுதுல உப்பு ஜாஸ்தி. அதுல இனிப்பு, புளிப்பு எல்லாம் ஒண்ணா நிக்குது. கீரையும் நீங்க ரெண்டு கொத்தமல்லி வெச்சீங்க. அங்க மாட்டுக்கு வெக்கற மாதிரி ஒரு கட்டு வெக்கறாங்க."

காபி வந்தது. அவள் குடித்தாள். கடலூர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் சொன்னதை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நல்லா இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டான். பரங்கிப்பேட்டை தாண்டும்போது தான் சிரித்துக்கொண்டிருப்பதை எதிர் சீட்டுக்காரி விநோதமாகப் பார்ப்பது தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும், தலையில் அரை அங்குல முடியோடு பாலகுமார் செம்மண்டலம் வந்தான். எறால் தீவனம் வாங்கக் கடலூர் வரும்போதெல்லாம் பிறகு வந்தான். அவள் அரிசி மாவில் மரவள்ளி மாவு கலந்தாள், துணியில் மாவை இன்னும் மெலிசாகத் தேய்த்து ஆவியில் எடுத்தாள். நுக்மாமில் எலுமிச்சையும் சர்க்கரையும் தண்ணீரும் விட்டுக் கலக்கினாள். மாடியில் தொட்டி வைத்துப் புதினா, துளசியின் நாலு ஜாதி, பேர் தெரியாத இரண்டு இலை எல்லாம் வளர்த்தாள். அவனுக்குப் பொரிப்பதில் எறால் மட்டும்.

அவன் ஒரு கடி கடிப்பான். "கிட்ட வந்துட்டீங்க. ஆனா இல்லக்கா."

"எங்க இடிக்குது?"

"ஓரத்துல. ஓரம் இன்னும் கொழகொழன்னு இருக்கு."

ஒரு வருஷம் இப்படி ஓடியது. அவள் ஒரு வாரம் யோசிப்பாள், ஒரு வாரம் மாவு அரைப்பாள், ஒரு வாரம் அவன் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள். 2011 கார்த்திகையில் அவன் ஒரு நெம்மைக் கடித்துவிட்டு, ஓரத்தை மட்டும் தனியாகப் பிய்த்து இன்னொரு முறை தின்று பார்த்தான். "இன்னும் ஒரு நூல்தாங்கா," என்றான்.

அந்த நூலை எட்டுவதற்குள், மார்கழியில், 'தானே' புயல் அடித்தது. செம்மண்டலத்தில் மரங்கள் சாய்ந்தன, கரண்ட் இல்லாமல் நாட்கள் போயின, மாடித் தொட்டிகள் எந்தத் தெருவில் விழுந்தன என்று தெரியவில்லை. ஜாடி உடைந்தது. கிள்ளைப் பக்கம் பாலகுமாரின் குட்டைகள் கரை உடைந்து, எறால் எல்லாம் கடலுக்கே திரும்பிவிட்டன. சந்திரலேகா போனில் அழுதாள். மாதங்கள் போயின, வண்டிச் சத்தம் வரவில்லை.

2012 ஆடியில் ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். மெலிந்திருந்தான். குட்டையை ஒருவழியாக மறுபடி கட்டியாகிவிட்டது என்றான். "பசிக்குதுக்கா. நெம் இருக்கா?"

இருசம்மாளுக்கு அன்றைக்கு ஒன்றும் தயாராக இல்லை. பெட்டி அடியில் பழைய கனத்த தாள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. மரவள்ளி இல்லை, புது நுக்மாம் ஊறவில்லை, கீரைக்கு இரண்டு கொத்தமல்லித் தழை. இருந்ததை வைத்துச் சுருட்டிப் பொரித்துத் தட்டில் போட்டாள். குறை சொல்ல இன்றைக்கு அவனுக்கு நிறைய இருக்கும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

பாலகுமார் ஒன்றைத் தின்றான், இரண்டைத் தின்றான். முகம் மலர்ந்தது.

"அதேதாங்கா. புடிச்சிட்டீங்க."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க மாப்ளே. ஓரம்?"

"ஓரத்துக்கு என்னா? அங்க தின்ன அதே ருசி. கண்ண மூடினா சைகோன்ல குந்தின மாதிரி இருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. குரல் எங்கேயும் மெலியவில்லை; நாக்குத்தான் மறந்திருந்தது. அவள் இன்னும் இரண்டை அவன் தட்டில் வைத்தாள். சந்திரலேகாவுக்கு என்று மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வண்டி தெரு முனை திரும்புகிற வரை வாசலில் நின்றாள்.

உள்ளே வந்தபோது வாணலியில் கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. எடுத்து ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடினாள். தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பத்து வயதில் தின்ற அந்த ருசி வரட்டும் என்று அப்படியே நின்றாள். வந்தது, இன்னும் ஒரு நூல்தான் என்று அவன் சொன்ன, போன கார்த்திகையில் அவளே பொரித்த நெம்மின் ருசி.