வெண்மதியின் முன்பற்கள்

எந்தக் கோப்பையைக் கையில் எடுத்தாலும் வெண்மதி முதலில் ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். ‘ணங்’ என்றால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் உள்ளே கீறல். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் அவருக்கு அச்சு செய்யும் வேலை. சூளையிலிருந்து வந்ததைச் சோதிப்பது வேறொருவர் பொறுப்பு. ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை. டீக்கடை டம்ளரைக்கூடத் தட்டிவிட்டுத்தான் குடிப்பார்.

வயது முப்பத்தாறு. ஞாயிறுகளில் பெண்கள் கபடி அணிக்காக எதிர்க்களத்துக்குப் பாடிப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் கருவேப்பிலங்குறிச்சி ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் இடித்து முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. இப்போது அங்கே இருப்பது கட்டிய பல். அதைத் தாங்கி நிற்பவை பக்கத்துப் பற்கள் இரண்டும். “அதுங்கள்ல ஒண்ணு போனாலும் மறுபடி கட்டறது கஷ்டங்க. பல் கவசம் இல்லாம ஆடாதீங்க” என்று பல் மருத்துவர் சிவசங்கரி சொல்லிவிட்டார்.

கடையில் வாங்கிய கவசத்தை வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்துப் பதியவைத்துக்கொண்டு போனார். வாய் நிறைய ரப்பர். எதிர்க்களத்தில் நாலடி வைப்பதற்குள் நடுவர் விசில் அடித்தார். “கபடின்னு பாடறது காதுலயே வுழலைம்மா. அவுட்டு.” மூன்று முறை போனார், மூன்று முறையும் அதே கதை.

“போதும் வெண்மதி, வுட்டுடு” என்றார் கணவர் பாலகிருஷ்ணன்.

“பல்லையும் வுடமாட்டேன், பாடிப் போறதையும் வுடமாட்டேன்.”

அடுத்த வாரம் பட்டறையில் பீங்கான் மண்ணை உருட்டிக் கடித்தார். அந்தப் பதிவில் பிளாஸ்டர் ஊற்றியதும் அவருடைய மேல்வரிசைப் பற்கள் மேசைமேல் உட்கார்ந்திருந்தன. புதுக் கவசம் ஒன்றை இளக்கி, அதன்மேல் அழுத்தி, மருத்துவர் சொன்னபடி முன்பக்கத்துக் கனத்தைத் தொடாமல் நாக்கு புரள உள்பக்கத்தை மட்டும் நறுக்கினார். எல்லாம் சரிதான். ஆனால் பதினெட்டு வருடத்துக் கை! சுட்டால் மண் சுருங்குமே என்று எந்த அச்சையும் பத்தில் ஒரு பங்கு பெரிதாகச் செய்தே பழகியது. பல்லச்சின் மேலும் தன் போக்கில் ஒரு பூச்சு பிளாஸ்டரை ஏற்றிவிட்டிருந்தது. ரப்பர் எந்தச் சூளைக்குப் போய்ச் சுருங்கப்போகிறது? நல்லூர் மைதானத்தில் ‘கபடி’ என்று வாயைத் திறந்ததும் கவசம் துள்ளிப்போய் எதிரணிப் பெண்ணின் காலடியில் விழுந்தது.

“அக்கா, ஒங்க பல்செட்டு!”

மைதானமே சிரித்தது. வெண்மதியும் சிரித்தார், கையால் வாயை மூடிக்கொண்டு.

அடுத்த கவசம் சுருக்கத்துக்கு இடம் விடாத அச்சில் செய்தது. வேலை முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மூச்சு முட்டப் பாடுவார். “என்னா வெண்மதி, சொவத்தையா அவுட்டாக்கப் போற?” என்பார் அச்சு அடுக்கும் கொளஞ்சியம்மாள்.

“காதுல வுழுதாக்கா?”

“வுழுது, வுழுது. டீ ஆறுது, வா.”

எங்கள் மாவட்டத்து மங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்துக்குப் பட்டறையிலிருந்து நானும் போயிருந்தேன். இரண்டு பக்கமும் சமமான புள்ளி, சில நிமிடங்களே பாக்கி. வெண்மதி பாடிப் போனார். நடுவர் கிட்டே வந்து காதைக் கொடுத்தார், விசில் அடிக்கவில்லை. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூலையில் நின்றவளின் முழங்கை அவர் வாயில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. நடுக்கோட்டைத் தாண்டித்தான் விழுந்தார்.

அணி முழுவதும் புள்ளி கிடைத்த சந்தோஷத்தில் கத்தியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கவசத்தைக் கழற்றினார். உதட்டில் ரத்தம். ஆள்காட்டி விரல் நகத்தால், கட்டிய பல்லுக்கு இந்தப் பக்கத்துப் பல்லில் ஒரு தட்டு. அந்தப் பக்கத்துப் பல்லில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கவசத்தைக் கழுவி, வாயில் மாட்டிக்கொண்டு, களத்துக்குப் போய் நின்றார்.