துரைக்குத் தெரிந்த ஒரே வினைச்சொல்

அட்டைக் கடிப் புண்ணில் நான் அயோடின் தடவும்போதெல்லாம், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சு சொல்லுவார். "ஜாத்தான், து ஆத்தான், இல் ஆத்தான், நூ ஸாத்தாந்தோன், வூ ஸாத்தாந்தே..." நான் காத்திருக்கிறேன், நீ காத்திருக்கிறாய் என்று ஆறு உருவமும் முடிவதற்குள் கட்டுப் போட்டுவிடுவேன். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குப் பயந்து படித்ததாம். எரிச்சலைத் தாங்க அதைவிட நல்ல மருந்து இல்லை என்பார். முப்பதுகளின் தொடக்கம் அது. லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டிரஸ்ஸராக இருந்தேன்.

துரை பிரெஞ்சுக்காரர். தமிழ் தெரியாது, மலாயில் நாலு சொல் தெரியும். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் ஜனங்கள் கேட்பதைக் கிராணி பிரெஞ்சில் சொல்லுவார். துரை சொல்வதைத் தமிழில் திருப்புவார். கூரை ஒழுகுகிறது என்றாலும், அரிசியில் புழு என்றாலும், துரையிடமிருந்து வருவது "ஆத்தாந்தே"தான். காத்திருங்கள். "ஆறு உருவம் படிச்சேன் டிரஸ்ஸர், இந்த ஆளு ஒண்ண வெச்சே தோட்டத்த ஓட்டுறான்" என்று கிராணி அலுத்துக்கொள்வார். அந்தச் சொல்லைத் தமிழாக்கித் தமிழாக்கி அவர் முகமே தொய்ந்து போயிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லித்தான் விளையாடும்.

ஒரு நாள் காலை, பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான். என்னிடம் அதற்கு மருந்தில்லை. அன்றைய ரயிலிலேயே குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் மிஞ்சாது என்று சொல்லியிருந்தேன். துரையின் உத்தரவில்லாமல் வேலையை விட்டு யாரும் தோட்டத்தைத் தாண்ட முடியாது. கிராணி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வழக்கமான சொல்லைச் சொன்னார்.

கிராணி அவள் பக்கம் திரும்பினார். "தொரை போகச் சொல்லிட்டாரும்மா. நிக்காம ஓடு, ரயிலு வந்துரும்."

துரைக்கு விஷயம் புரிவதற்குள் அவள் பாதை வளைவைத் தாண்டிவிட்டாள்.

பிள்ளை பிழைத்தது. கிராணிக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. சாயங்காலம் ஸ்டேஷனில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, "அசதியா இருக்கு டிரஸ்ஸர், வேற ஒண்ணுமில்ல" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

இப்போது அங்கே ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. துரைமார் இல்லை, கிராணிமார் இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது, பல முகங்கள் மறந்துவிட்டன. கிராணி போன மறுநாள் காலைப் பெரட்டு மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

துரை தனியாக நின்றார். திருப்பிச் சொல்ல ஆளில்லை. காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு இன்னொரு தாய் முன்னால் வந்து, பிள்ளையையும் ஸ்டேஷன் பக்கத்தையும் கையால் காட்டினாள். "ஆத்தாந்தே" என்றார் துரை. அவள் அசையாமல் நின்றாள். குரலை உயர்த்தி இன்னொரு தரம் சொன்னார்.

அவள் தலையைக் குனிந்து, "புரியலீங்களே தொரை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.