சொலாஞ் சொல்ல மறுத்த வார்த்தை

பர்கண்டிக் கால்வாயில் நான் மதகுக்காரி. படகு வந்தால் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி, படகை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடுவது என் வேலை. வாடகைப் படகில் வருகிற கூட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மதகு திறக்காது என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. ஆனாலும் வந்து கத்துவார்கள். அவர்கள் விடுமுறைக்கு வந்துவிட்டார்கள் என்பதற்காக நான் பட்டினி கிடக்க முடியுமா? அந்த ஒரு மணி நேரத்தில் நானே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிற ஆட்கள் இரண்டே பேர். சொலாஞ்சும் அவள் புருஷன் மத்துரேனும்.

அவர்கள் படகில் வருவதில்லை. இரண்டு பேர் ஒன்றாக மிதிக்கிற நீளமான சைக்கிளில் வருவார்கள். முன்னால் மத்துரேன், பின்னால் சொலாஞ். ஒவ்வொரு ஜூன் மாதமும் தொனேரில் கிளம்பிக் கரையோரமாகவே மேலேறி, கால்வாய் குன்றுக்குள் நுழைகிற புய்யி வரைக்கும் போவார்கள். அவசரம் என்பதே கிடையாது. தூண்டில் போடுகிறவனைக் கண்டால் அரை மணி பேச்சு. செர்ரி பழுத்திருந்தால் அந்த மரத்தடியில் ஒரு தூக்கம். வாத்துகள்கூட அவர்களை முந்திக்கொண்டு போகும்.

"மூட்டை உருளைக்கிழங்க பின்னாடி ஏத்திட்டு வந்திருக்கேன், இவெத்" என்று மத்துரேன் தூரத்திலிருந்தே கத்துவான்.

"மூட்ட மிதிக்கலன்னா உன் வண்டி நகராதுடா கெழவா" என்பாள் சொலாஞ்.

சொலாஞ் பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். மத்துரேன் மாடு வைத்துப் பால் கறந்தவன். தங்கமான மனுஷன். ஆனால் கசப்பான வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நின்றுவிடுவான். பூனைக்கு மணி கட்டுவது எப்போதும் சொலாஞ்தான். மாடுகளை இனி வைத்திருக்க முடியாது என்று ஊருக்கே தெரியும், விற்றுவிடலாம் என்று சொன்னது அவள். மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று சொன்னதும் அவள். அந்தக் கிழவி சாகிறவரை மகனைக் கொஞ்சி மருமகளைச் சபித்தாள். ஒரே பையன் மார்செய் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று வாசலில் நின்றபோது "போய்ட்டு வா" என்று சொன்னதும் அவள்தான். மத்துரேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். நல்ல பெயர் அவனுக்கு, பொல்லாப்பு அவளுக்கு.

இந்த ஜூனிலும் வந்தார்கள். மூட்டைப் பேச்சு வரவில்லை.

கால்வாய்க் கரை சமதரை. அதில் போகும்போது யார் மிதிக்கிறார்கள் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. இரண்டு பெடலும் ஒன்றோடொன்று சங்கிலியில் கோத்தவை. ஒருத்தர் மிதித்தாலே இருவர் காலும் சுற்றும். மதகு பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு ஏற்றம் உண்டு. அந்த ஏற்றத்தில் பார்த்தேன். சொலாஞ் கழுத்து நரம்பு புடைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முன்னால் மத்துரேனின் கால்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

ரொட்டி, பன்றித் தொடைக்கறி, வீச்சமடிக்கிற எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி, கொஞ்சம் ஒயின். சாப்பிட்டதும் மத்துரேன் என் அவரைப் பந்தலைப் பார்க்கப் போனான். சொலாஞ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் மிதிக்கலயே" என்றேன்.

"போன வருஷத்துலேருந்தே இல்ல. என் காலுக்குத் தெரியாதா?"

"கேட்டியா?"

"எப்பிடிக் கேக்கறது? நெஞ்சுக்கு மாத்திர போட்டுக்கிட்டிருக்கான். மாடும் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். நிறுத்திடலாம்னு நான் சொன்னா, நானே அவனக் கெழவனாக்கி மூலையில உக்கார வச்ச மாதிரி ஆயிடும்."

"உன் இடுப்பு என்ன ஆகுறது?"

"அது எப்பவோ போச்சு. தொனேர்லேருந்து ரெண்டு பேரையும் நான்தான் இழுத்துட்டு வர்றேன். அலுத்துப்போச்சு இவெத். தூங்கினாலும் போகாத அலுப்பு."

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. மத்துரேன் திரும்பி வந்து "கெளம்பலாமா, என் கோழி?" என்று கொஞ்சியதும் வாயை விட்டுவிட்டேன்.

"மத்துரேன், மதகு ஏத்தத்துல உன் காலு என்ன பண்ணுது?"

சொலாஞ் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். மத்துரேன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோய் அவள் பக்கம் திரும்பினான்.

"போன வருஷமே நெஞ்சு அடைச்சுது. அழுத்துறத விட்டுட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். போதும்னு நீ சொல்லுவன்னு பாத்தேன்."

"நான் சொல்லுவேன்னு காத்திருந்தியா?"

"நீதான எப்பவும் சொல்லுவ."

அவள் எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரல் உயரவில்லை.

"மாட்ட விக்கச் சொன்னேன். உங்கம்மாவ அனுப்பச் சொன்னேன். பையனப் போகச் சொன்னேன். இதையும் நானே சொல்லணுமா? மாட்டேன். ஏறு வண்டில. புய்யி வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். நடுவுல விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

போய்ச் சைக்கிளைப் பிடித்து நிமிர்த்தினாள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கீழே படகு ஒன்று காத்திருந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன்.

மத்துரேன் நின்றான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிடரியில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. சொலாஞ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் சீட்டில் ஏறக் காலைத் தூக்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

"என்னால முடியல, சொலாஞ்" என்றான். "பயமா இருக்கு. போதும். வீட்டுக்குப் போயிடலாம்."

சைக்கிள் அவள் கையிலிருந்து சரிந்து புல்லில் விழுந்தது. அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பையன் போன கதையைச் சொன்னபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. மத்துரேன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் அருகில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னான்.