கூடைப்பந்து வீரருக்கு ஒரு பாராட்டு விழா

தன் அப்பாவின் பாராட்டு விழாவுக்கு யார் யார் வந்தது, யார் வராதது என்று சுகன்யா நேற்று என்னிடம் கேட்டாள். வந்தவர்கள்: விழா நாயகன் அமிர்தன் அண்ணை, அவர் மகளான இதே சுகன்யா, அப்போது பத்து வயது, தலைமை வகித்த சின்னத்துரை மாஸ்டர், குத்துவிளக்கோடு வந்த திலகம் அக்கா, சென்னைக்காரரான டாக்டர் பாஸ்கர், மற்றும் எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் தமிழ் கதைத்த ஏறக்குறைய எல்லோரும். வராதவர்கள்: அண்ணையின் மனைவி, அவருக்கு ஞாயிறும் வேலை; யாழ்ப்பாணத்துக் கல்லூரி அணியில் அண்ணையோடு ஆடிய மற்ற நான்கு பேர். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் வரவில்லை. அது ஆள் அல்ல. பிறகு சொல்கிறேன்.

அவள் கேட்டது மனுகாவில், அவளுடைய மகன் கூடைப்பந்து ஆடுகிற அரங்கில் வைத்து. புதிதாக வார்னிஷ் அடித்த தரை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு விழா நடந்த ஏவன்டேல் பள்ளிக்கூட மண்டபம் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே சூடான பாண் மணமும் வந்தது. அமிர்தன் அண்ணை என்றால் பாண் மணம்தான். ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் வேலை. கோணல்மாணலாகி விற்பனைக்கு ஆகாத பாண்களை அள்ளி வந்து எங்கள் வாடகை வீட்டில் போடுவார். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் கதவு நிலைக்குத் தலைகுனிந்த ஒரே தமிழர் அவர்தான். மண்டரின் தோடம்பழத் தோலைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, குசினி மூலையில் இருக்கும் குப்பை வாளியைப் பார்க்காமலே எறிவார். தவறியதை நான் கண்டதில்லை.

மகள் மட்டும் நம்பவில்லை. அண்ணை பள்ளிக்கூட நாள்களில் பெரிய ஆட்டக்காரர் என்று நாங்கள் சொன்னால், “எல்லா டாட்டும் அப்பிடித்தான் சொல்றது” என்பாள். அண்ணை சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

பாராட்டு விழா என்ற யோசனை மாஸ்டருடையது. அண்ணை முதலில் மறுத்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, அந்த ஹோலில வளையம் இருக்கெல்லோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை, ரெண்டு பக்கமும் இருக்கு.”

“அப்ப சரி. பிள்ளை ஒருக்காப் பார்க்கட்டும். பொன்னாடை கின்னாடை உங்கட விருப்பம்.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்தில் உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது. பாவம், நானும் நம்பினேன். பாராட்டுரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கூடைப்பந்தை நான் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் ஏழு பக்கம் எழுதினேன். அண்ணை அடித்த ‘கோல்’களை அதில் மனம் உருகிப் புகழ்ந்திருந்தேன்.

மண்டபத்தை ஐந்து மணி வரைக்கும் எடுத்திருந்தோம். சப்பாத்தோடு தரையில் கால் வைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடக் காவலாளி வாசலில் நின்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் எல்லோரும் கழற்றிவிட்டோம். இவ்வளவு ஒழுக்கமான கூட்டத்தை அவர் கண்டிருக்கவே மாட்டார். விளக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

வளையத்துக்கு நேர் எதிரே தரையில் ஒரு கோடும் அரைவட்டமும் இருந்தன. விளக்குக்கென்றே யாரோ போட்டு வைத்த கோலம்போல இருக்கிறது என்று திலகம் அக்கா சந்தோஷப்பட்டு, அந்தக் கோட்டின் நடுவில் குத்துவிளக்கை நிறுத்தினார். இடுப்பளவு உயரம், உச்சியில் பித்தளைச் சேவல். பேச்சு நீளும் என்று தெரிந்து எண்ணெயைத் தளும்பத் தளும்ப விட்டார்.

பேச்சு நீண்டது. மாஸ்டர் யாழ்ப்பாண அரசர்களில் தொடங்கினார். பொன்னாடை போர்த்த அவர் கதிரையில் ஏற வேண்டியிருந்தது. ஏறியவர் அங்கே நின்றபடியே இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு என் ஏழு பக்கம். அண்ணை மாலையும் பொன்னாடையுமாக என்னைப் பார்க்காமல் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டாட், போவமா?” என்று சுகன்யா கேட்டது நான் ஐந்தாம் பக்கத்தில் இருந்தபோது. ஏழாம் பக்கம் முடிகையில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஏற்புரைக்கு எழும்பிய அண்ணை, “நன்றி. பந்து எங்க?” என்றார்.

வராத அந்த இன்னொன்று இதுதான். மாலை வந்தது, வடை வந்தது, சந்தனம் கூட வந்தது. பந்தைக் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஆமா, பந்து யாரு பொறுப்பு?” என்றார் டாக்டர் பாஸ்கர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஏழு தாள் இருந்தது.

காவலாளிதான் நிலைமையைப் புரிந்துகொண்டு சாமான் அறையைத் திறந்து ஒரு பந்தை எடுத்து வந்தார். அண்ணை கோட்டுக்குப் போனார். கோட்டில் விளக்கு.

“அக்கா, இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அரக்குங்கோ.”

“எரியிற விளக்கை அரக்கிறதோ? நல்ல காரியம் நடக்கேக்க?” திலகம் அக்கா விடவில்லை. “நீர் வேணுமெண்டால் பின்னால நிண்டு எறியுமன்.”

அண்ணை மறு பேச்சில்லாமல் பின்னால் போனார். விளக்கைத் தாண்டி, சேவலுக்கு மேலால் எறிய வேண்டும். முதல் பந்து வளையத்தில் முட்டித் தெறித்தது. சுகன்யா சப்பாத்து இருந்த பக்கம் திரும்பினாள். “பிள்ளை, நில்லம்மா” என்றார் அண்ணை. அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்படி அவர் எவரிடமும் எதையும் கேட்டதில்லை.

இரண்டாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை. வலை மட்டும் ஒரு தரம் உதறியது.

நன்றாக எறிந்த பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும், விழுந்ததும் எறிந்தவரிடமே துள்ளி வரும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அன்று அது அப்படித்தான் துள்ளி வந்தது. வழியில் விளக்கு. சேவல் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், எண்ணெய் எல்லாப் பக்கமும். திரி பட்ட இடத்தில் தரையே பற்றியது. திலகம் அக்கா முருகனைக் கூப்பிட்டார். மாஸ்டர் திரும்பவும் கதிரையில் ஏறினார். அண்ணைதான் ஒரே பாய்ச்சலில் வந்து பொன்னாடையை உருவித் தீயின் மேல் போட்டு அமத்தினார்.

புகைக்குள்ளே சுகன்யா கத்தினாள்: “டூ இட் அகெய்ன், டாட்!”

காவலாளி இடம் கொடுக்கவில்லை.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். மாஸ்டர் இல்லை, திலகம் அக்கா இல்லை, அமிர்தன் அண்ணையும் இப்போது இல்லை. இன்றைய விழாக்களில் பற்றரியில் எரிகிற விளக்கு வைக்கிறார்கள். விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கருகிய தரையைச் சுரண்டி வார்னிஷ் அடித்த செலவுக்குப் பள்ளிக்கூடம் பில் அனுப்பியபோது, எல்லோரும் பங்கு போடுவோம் என்றோம். அண்ணை விடவில்லை. “பிள்ளை பார்த்தவள். அது என்ர செலவு” என்றார். பில் அவருடைய ஒரு வாரச் சம்பளத்தை விடக் கூட, முந்நூற்று நாற்பது டொலர்.