அண்ணிக்கு ஒரு மலை ஜெக்கெட்

அண்ணன் இறந்த பிறகு அவருடைய ஜெக்கெட்டை அண்ணி போட ஆரம்பித்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, தடித்த, கருநீல ஜெக்கெட். தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அண்ணியின் வேலை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்து சமைக்கும்போதும் கழற்றமாட்டார். அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்கள் மலையூரான வட்டவளையில் மழைக்கும் குளிருக்கும் குறைவில்லை என்பதால் மற்றவர்களுக்கு அது வித்தியாசமாகவும் தெரியவில்லை.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சிலரோடு லீவு நாட்களில் மலையேறப் போவது என் பழக்கம். ஒருமுறை அண்ணியையும் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் கூப்பிட்டேன்.

"வர்றேன் பாப்பா" என்றார். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

றொசல்லைக்கு மேலே உள்ள மலை அது. தேயிலை முடிந்து யூகலிப்டஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை. ஆனால் அண்ணனின் ஜெக்கெட் அத்தனையையும் குடித்துவிட்டது. உள்ளே வியர்வை, வெளியே ஈரம்; கைகளைத் தூக்கிப் பாறையைப் பிடிக்கக்கூட முடியாத பாரம். அண்ணியின் உதடு நடுங்குவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பினோம். அதன்பின் சில நாட்கள் காய்ச்சலில் கிடந்தார். இனி மலைப்பேச்சே எடுக்கக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் அவராகவே சொன்னார்:

"மேல என்ன இருக்குன்னு பாக்காமலே வந்துட்டோமே."

அடுத்த சனிக்கிழமை அவரை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் அங்கே வரும். மலையேற லேசான ஜெக்கெட் வேண்டும் என்றதும் தடிப்பானவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு கட்டு ஜெக்கெட்டுகளை எடுத்து மேசையில் விரித்தார்.

"இது சொப்ட்ஷெல் தங்கச்சி. காத்து உள்ள வராது, வேர்வை வெளிய போயிரும். தூறலுக்குத் தாங்கும். கொட்டுற மழைக்கு மட்டும் இத நம்பாதீங்க, பையில ஒரு ரெயின்கோட் வச்சுக்கோங்க."

குடிக்க வைத்திருந்த போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஒரு ஜெக்கெட்டின் கைப்பகுதி மேல் தெளித்தார். துளிகள் ஒட்டாமல் உருண்டு மேசைக்கு ஓடின. அண்ணி அந்தக் கையைத் தூக்கி உட்புறம் விரலால் தடவினார். காய்ந்திருந்தது.

"பாரமே இல்லையே. இது குளிருக்கு என்னத்துக்கு ஆகும்?"

"நடக்கும்போது உடம்பே சூடாயிரும் அண்ணி. நின்னா மட்டும் குளிரும். அதுக்கு இது போதும்" என்றேன்.

அண்ணி, அண்ணனின் ஜெக்கெட்டைக் கழற்றி என்னிடம் தராமல் தன் தோளிலேயே மடித்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ யோசித்து, நானாவிடம் ஒரு கதிரை கேட்டு, அதன்மேல் வைத்தார். முதலில் எடுத்தது சாம்பல் நிறம். போட்டுக்கொண்டு கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். இடுப்புப் பக்கம் மேலே ஏறியது. ஒரு அளவு பெரியதை எடுத்தோம். முழங்கையை மடக்கினார், குனிந்தார், பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். துணி கூடவே இழுபட்டுக் கொடுத்தது. அண்ணி லேசாகச் சிரித்தார்.

"சரி, இதையே எடுப்போம்" என்றார். ஆனால் அவர் கை கட்டின் அடியில் இருந்த மஞ்சளின் மேலேயே இருந்தது. பழுத்த மாம்பழ மஞ்சள்.

"அத எடுங்க" என்றேன்.

"இந்தக் கலரையா? லயத்துல எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"பனி மூடிட்டா சாம்பல் கலரு தெரியாது அண்ணி. மஞ்சள் போட்டா தூரத்துலயே தெரியும். மலைக்கு அதுதான் நல்லது."

"அதுக்காகத்தானா?"

"அதுக்காகவுந்தான்."

நானா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி மஞ்சள் ஜெக்கெட்டைப் போட்டு ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தார். கண்ணாடியில் தன்னை வெகுநேரம் பார்த்தார்.

கதிரையிலிருந்த அண்ணனின் ஜெக்கெட்டையே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்; புதியதை அம்மாவிடம் காட்டவில்லை. எனக்கும் பயம்தான், அம்மா பிள்ளையைப் பறிகொடுத்தவர். மலைக்குக் கிளம்பிய காலையில் அண்ணி அதைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். கிட்டே வந்து, நீண்டு கிடந்த கைநுனிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துவிட்டார்.

"கை நீளமா இருக்கு. வந்தோன்ன குடு, தச்சுத் தர்றேன்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். படி இறங்கும்வரை என் கையைப் பிடித்திருந்தார்.

அன்று மழையே வரவில்லை. காற்றுதான். யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டியதும் அண்ணி எங்களுக்கு முன்னால் போய்விட்டார். கடைசிப் பாறையில் இரண்டு கைகளையும் ஊன்றி ஏறி, மேலிருந்து எனக்குக் கை கொடுத்தார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஜெக்கெட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இருவரும் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். கீழே எங்கள் லயத்து வீட்டு வரிசை எது என்று தேடிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்க அண்ணன் இங்க வந்திருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி. அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. வேலையில ஏறி இறங்குறதே போதும்னு சொல்வாரு."

கீழேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டுல எங்க திரும்பினாலும் அவருதான் பாப்பா. ரோட்டுல, கடையில, பஸ்ஸுல. இங்க மட்டுந்தான் அவரு இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காத. மனசுக்கு லேசா இருக்கு."

நான் அவர் தோளோடு சாய்ந்துகொண்டேன். அவரும் நகரவில்லை. மற்றவர்கள் கூப்பிடும்வரை அப்படியே இருந்தோம்.

இறங்கி வந்தபோது ரயிலுக்கு நேரமிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீக்குச் சொன்னோம். அண்ணி தானாகவே ரொட்டியும் சம்பலும் கேட்டார். தன்னுடையதை முடித்துவிட்டு, என் தட்டில் மிச்சமிருந்த பாதியையும் எடுத்துக்கொண்டார். உறைப்பில் கண் கலங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார்.