அம்மா ஏறினால் உரசும் டயர்

ரப்பர் தீய்ந்த வாசனை மூக்கில் பட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் அம்மாவின் முகம்தான். ஏன் என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. சொல்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் நாங்கள் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்த காலம் அது. பலர் கைமாறி வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அப்பாவிடம் இருந்தது. வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மழைநாளில் பின்சக்கரம் வழுக்குகிறது என்று, வண்டிக்கு உரியதைவிடக் கொஞ்சம் அகலமான டயரை வாங்கி மாட்டினார். அவர் தனியாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. அம்மா பின்னால் உட்கார்ந்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டால் போதும், டயர் செயின் கவரில் உரசி, ரப்பர் தீய்ந்த வாசனையோடு "கர்ர்ர்" என்று ஊரையே கூட்டிவிடும்.

அந்த ஐப்பசியில், வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி மடித்துவைத்து, பூண்டும் சுக்கும் முடிந்துகொண்டு புறப்பட்டாள். பஸ்ஸில் போனால் மலை வளைவுகளில் அவளுக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும், அதனால் வண்டிதான். பெட்ரோல் டேங்கின் மேல் நான். தெருமுனையில் மெக்கானிக் சேகரின் கடை வாசலில் இருந்த பள்ளத்தில் வண்டி இறங்கியதும், "கர்ர்ர்!"

"இன்னாண்ணி, நீ ஏறினா வண்டி அழுவுது! வெள்ளிமல போய்ச் சேருமா?" என்றார் சேகர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீங்களும் புள்ளயும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வரல" என்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். அன்றிலிருந்து சோற்றையும் பாதியிலேயே வைத்துவிட்டுக் கைகழுவ ஆரம்பித்தாள். மடித்த துணிகள் கொடியிலேயே கிடந்தன.

அப்பா வண்டியைச் சேகரிடம் தள்ளிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். "உன் வாயாலதான்டா அவ போவல. இதச் சரி பண்ணு."

"டயரு பெருசுண்ணே. பழசையே மாட்டிக்கினு போ."

"மலையில வழுக்கினா குடும்பமே பள்ளத்துல. வேற வழி பாரு."

எங்கே உரசுகிறது என்று பார்க்கப் பின்னால் பாரம் வேண்டுமே. அம்மாதான் வரமாட்டாளே. அவள் எடைக்கு மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டி, சீட்டின் மேல் வைத்துக் கட்டிப் பள்ளத்தில் இறக்கினார்கள். உரசவில்லை. இன்னும் கொஞ்சம் கிழங்கை அள்ளிப் போட்டார்கள். அப்போதும் உரசவில்லை. "சத்தியமா கிழங்குல கோளாறு இல்லண்ணே" என்று சேகர் தலையைச் சொறிந்தார்.

மாட்டுக்குக் கரும்புத் தோகை சுமந்துகொண்டு அந்தப் பக்கமாக வந்த அம்மா, நின்று பார்த்தாள். யார் முகத்தையும் பாராமல், "மூட்டய நடுவுல கட்டிக்கினு ஓட்னா இன்னா தெரியும்? நான் காலு ரெண்டையும் ஒரு பக்கமா தொங்கவிட்டுக்கினு இல்ல உக்கார்றேன்?" என்றாள்.

மூட்டையை இடதுபக்கமாகச் சரித்துக் கட்டினார்கள். "கர்ர்ர்!" இந்தத் தடவை முதலில் சிரித்தது அம்மாதான்.

சேகர் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் கவையில் "புஷ்" என்கிற சின்னக் குழாய்கள் தேய்ந்துபோயிருந்ததால், பாரம் ஒரு பக்கம் விழுந்ததும் சக்கரமே சாய்ந்து, அகலமான டயர் கவரைத் தொட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புது புஷ் வாங்கிவந்து மாட்டி, சக்கரத்தை நேராக நிறுத்தினார். "உம்மேல தப்பில்லண்ணி. வண்டிக்குத்தான் இடுப்பு நழுவிப்போச்சு" என்றார்.

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மா, "தொடுதாங்க?" என்று கேட்டாள். அப்பாவும் சளைக்காமல், "தொடலம்மே, தொடல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். மேலே போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கிழங்கு மூட்டைக் கதையைச் சித்தியிடம் சொல்லிச் சொல்லி, குழந்தை விழித்து அழும்வரை சிரித்தாள்.

இப்போது அப்பா இல்லை. அந்த வண்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என் வண்டியில் டயருக்கும் கவருக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போகும்போது, இன்றும் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறாள். வேகத்தடையில் ஏறி இறங்கினால், "தொடுதாடா?" என்று கேட்கிறாள். "தொடலம்மா" என்கிறேன். இளைத்துவிட்டாள். அவள் ஏறிவிட்டது சில நேரம் எனக்கே தெரிவதில்லை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். ஒரே ஒரு தடவை உரசினால்தான் என்ன என்று இருக்கிறது.